தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே, வேலை யாருக்கு?

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று எங்கள் செஞ்சி. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை என்பதால் கிடைத்த இடம் அது.

செய்தி வந்த நாளிலிருந்து ஊரில் இரண்டு பேச்சு. "இனிமே நம்ம ஊரு எங்கியோ போயிடும் பாரு" என்பது ஒன்று. "இனிமே ஒரு செங்கல்லை அசைக்க விடமாட்டாங்க" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறது எங்கள் ஊர்க்குழு. ஆசிரியர்கள், விவசாயிகள், டீக்கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், மகளிர் குழுப் பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு வி.ஏ.ஓ., கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அதில் உண்டு. சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. ஊர் வளரட்டும், ஆனால் மலையையும் ஏரியையும் தின்று வளரக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. கோட்டையோ கோயிலோ ஏரியோ உள்ள எந்த ஊருக்கும் உதவும் என்பதால், இந்த வேலையில் நான் கற்றதை எழுதுகிறேன்.

வேண்டாம் என்பதற்கு முன் கேளுங்கள்

எதற்கெடுத்தாலும் "வேண்டாம்" என்கிற குழு சீக்கிரம் தனித்துப் போய்விடும். லாட்ஜ் கட்டுகிறவர், மண்டபம் கட்டுகிறவர், மனை போடுகிறவர் எல்லோரும் நம் ஊர்க்காரர்களே. அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடுதான் படிக்கிறார்கள். அதனால் புதிதாக எது வந்தாலும் நாங்கள் மூன்று கேள்விதான் கேட்கிறோம். தண்ணீர் எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்? கழிவு எங்கே போகும்? வேலை யாருக்கு?

கேட்பதற்கு எளிமையாக இருக்கும். ஆனால் ஒரு திட்டத்தின் முக்கால்வாசி உண்மை இந்த மூன்றுக்கும் வரும் பதிலில் வெளியே வந்துவிடும். "போர் போட்டுக்கலாம்" என்று சொன்னால், பக்கத்துக் கிணற்றுக்காரரையும் பேச்சில் உட்காரவைக்கலாம். "பின்னாடி வாய்க்கால்ல விட்டுடலாம்" என்று சொன்னால், அந்த வாய்க்கால் எந்த ஏரிக்குப் போகிறது என்று காட்டலாம். சண்டை போடாமலே செப்டிக் டேங்க் எங்கே வரும், மழைநீர்த் தொட்டி எத்தனை பெரிதாக இருக்கும் என்று பேச்சு திரும்பும். வளர்ச்சியை எதிர்ப்பவர்கள் என்ற பெயர் எங்கள் மேல் விழாததற்கு இந்தக் கேள்விகளே காரணம்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

எந்த ஊர்க்குழுவும் முதலில் தண்ணீரைக் கையிலெடுக்கலாம் என்பது என் அனுபவம். கட்சி, சாதி, தெரு எல்லாவற்றையும் தாண்டி ஆட்களைச் சேர்ப்பது அது ஒன்றுதான்.

செஞ்சிக்கு இது இன்னும் பொருந்தும். கோட்டைக்குள் ராஜகிரி மலையின் அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இருக்கின்றன. கல்யாண மகாலின் மேல்தளங்களுக்குச் சுட்ட மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மலை உச்சியிலும் சுனை உண்டு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டும் உள்ளே மராட்டிய அரசர் ராஜாராம் தாக்குப்பிடித்தார் என்றால், மதிலும் பீரங்கியும் மட்டும் காரணமாக இருக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருந்தது, தானியக் களஞ்சியம் இருந்தது. கோட்டையைச் சுற்றிக் காட்டப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது அரசர் கதையோடு இந்தத் தண்ணீர்க் கதையையும் சொல்லுங்கள். அவர்கள் மனதில் நிற்பது இதுதான்.

கோட்டைக்கு வெளியே வந்தாலும் அதே கதைதான். எங்கள் வட்டார மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, தொண்டியாற்றோடு சேர்ந்து வீடூர் அணையில் தேங்கி, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக் கடலுக்குப் போகிறது. நாங்கள் இங்கே ஆற்றில் கொட்டுவது அங்கே இன்னொருவர் வாசலுக்குப் போகும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடைபட்ட வாய்க்கால் என்ன செய்யும் என்பதை விழுப்புரம் மாவட்டம் முழுக்க அன்று பார்த்தது.

நாங்கள் செய்வது இதுதான். ஆடி, ஆவணியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, வயதான விவசாயி ஒருவரை முன்னால் விட்டு வரத்து வாய்க்காலோடு நடப்போம். எங்கே அகலம் குறைந்திருக்கிறது, எங்கே கல்வெர்ட் அடைத்திருக்கிறது, எங்கே சீமைக்கருவேலம் மூடியிருக்கிறது என்று குறித்துக்கொள்வோம். கையில் புலப்படமும் 'அ' பதிவேட்டு நகலும் இருக்கும். இரண்டையும் அரசின் இ-சேவை இணையதளத்திலேயே எடுக்கலாம். வாய்க்கால் எந்த சர்வே எண்ணில் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மனு எழுதும் முன் ஏரி யாருடையது என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். தவறான அலுவலகத்துக்குப் போன மனு மேசை மேசையாகச் சுற்றும். அதற்குள் ஏரி கோடி போய்விடும்.

சட்டத்தைப் பயமாக விட்டுவிடாதீர்கள்

கோட்டைப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு மூதாட்டி ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, வூட்டு ஓடு ஒழுவுது. மாத்தினா புடிச்சிகினு போயிடுவாங்களாமே, நெசமா?"

"அப்படி இல்ல ஆயா, எழுதிக் குடுத்துட்டு மாத்தலாம்" என்றேன். அவர் நம்பவில்லை. விதி அச்சான காகிதத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. இது யுனெஸ்கோ கொண்டுவந்த தடை இல்லை. 1992 முதலே இருப்பது, 2010 சட்டத் திருத்தத்தில் இன்னும் இறுகியது. தடைப் பகுதியில் புதிதாகக் கட்ட முடியாது. ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். ஒழுங்குமுறைப் பகுதியில் புதிய கட்டடத்துக்கும் விண்ணப்பிக்க வழி உண்டு.

அப்படியானால் அந்த ஆயாவுக்கு வேண்டியது என்ன? வீடு 1992-க்கு முன்பே இருந்தது என்பதற்கான அத்தாட்சி. பழைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்புக் காகிதம், பத்திரம். தகரப் பெட்டியின் அடியில் கிடந்த ரசீதுகளை அவர் பேத்தி ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கியபோது, மடிப்பில் கிழிந்த ஒரு பழைய வரி ரசீது கிடைத்தது. அன்றிலிருந்து வீடு வீடாகப் போய் "பழைய ரசீதை எறியாதீங்க, ஜெராக்ஸ் எடுத்து வைங்க" என்று சொல்வது எங்கள் குழுவின் முக்கிய வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கோட்டையைக் காப்பாற்றச் சொல்கிறவர்கள், அதன் நிழலில் வாழ்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவாவது முன்வர வேண்டும். அதைச் செய்யாமல் பாரம்பரியம் பற்றிப் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

குப்பைக்கு முன்னால் போய் நில்லுங்கள்

ராஜகிரி ஏறியவர்களுக்குக் குரங்குகளைத் தெரிந்திருக்கும். அவற்றுக்குக் கேரி பேக் சத்தமே போதும். பையைப் பிடுங்கிப் பாறைமேல் உட்கார்ந்து, சிப்ஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தின்றுவிட்டு உறையைக் கீழே விடும். காற்று அதைப் பாறை இடுக்கில் கொண்டுபோய்ச் செருகும். அங்கே துடைப்பமும் போகாது, கையும் போகாது. மேலே ஏறிப் பொறுக்குவதைவிட, கீழேயே நிறுத்துவது பத்து மடங்கு சுலபம். தின்பண்டத்தைக் கீழே வைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள், தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலோர் கேட்கிறார்கள்.

கேட்காதவர்களுக்குக் காசு பேசும். நீலகிரியில் 2022-இல் மதுப் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் முறை வந்தது. காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பத் தொடங்கின. அடிவாரக் கடைகளில் தண்ணீர் பாட்டிலுக்கு இதே முறையைக் கொண்டுவரலாம் என்று கடைக்காரர்களோடு பேசி வருகிறோம். ஒருவர் மட்டும் செய்தால் அவருக்கு நட்டம், எல்லோரும் சேர்ந்து செய்தால் யாருக்கும் நட்டமில்லை.

அமாவாசை தோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் எங்கள் ஊர் வழியாகவும் போகிறது. வழியில் அன்னதானம், நீர்மோர் எல்லாம் நடக்கும். அங்கே போய் நோட்டீஸ் கொடுப்பதில் பயனில்லை. அன்னதானம் போடுகிறவரை ஒரு வாரம் முன்னதாகப் பார்த்து, வாழை இலையோ மந்தாரை இலையோ எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று சொன்னால் அவரே மாறிவிடுவார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடையைக் கடைப்பிடிக்க வழியும் தெரிந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

எங்கே மரம் நடக் கூடாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்வத்தோடு வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, மரக்கன்று எங்க நடலாம்?" என்றுதான். மதிலோரத்தில் கூடாது. காக்கை எச்சத்தில் விழுந்த அரச விதை ஒன்றே கல்லைப் பிளக்கப் போதும். மதிலில் முளைத்ததை நாமே பிடுங்கவும் கூடாது. வேரோடு கல்லும் வரும். படம் எடுத்துத் தொல்லியல் துறைப் பணியாளர்களிடம் சொல்வதே முறை.

நடுவதற்கு இடமா இல்லை? ஏரிக்கரையில் பனை, பள்ளி வளாகத்தில் நிழல் மரம், தரிசில் நம் வறண்ட காட்டுக்கே உரிய காயா, வீரை, உலக்கைப்பாலை. எங்களுக்குப் பக்கத்தில் பாக்கம் மலைக்காடு இருக்கிறது. எந்த மரம் இந்த மண்ணுக்கு ஏற்றது என்பதற்கு அதுவே பாடப்புத்தகம். நட்டதைக் காப்பது அடுத்த வேலை. திருவண்ணாமலை மலையில் 'தி ஃபாரஸ்ட் வே' அமைப்பினர் நாற்று நடுவதோடு நிற்பதில்லை. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், மலையில் தீப்பிடித்தால் ஓடிப்போய் அணைக்கிறார்கள். அந்த மலை மீண்டும் பச்சையானதில் இந்தக் கோடை உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

குழு நிலைத்திருக்க

1985-இல் தொடங்கிய பழனிமலைப் பாதுகாப்புக் குழு போன்றவை பல பத்தாண்டுகள் உழைத்திருக்கின்றன. பல குழுக்களோ ஒரு மழைக்காலம்கூடத் தாண்டுவதில்லை. எங்களுக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

கூட்டத்தை மாதத்தில் ஒரே நாளில், ஒரே இடத்தில் வையுங்கள். நால்வர் வந்தாலும் நடத்துங்கள்.

பெண்களுக்கு வசதியான நேரத்தில் கூட்டம் போடுங்கள். தண்ணீர் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வருகிறது என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். சர்வே எண், படம், தேதி சேருங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஊராட்சியாக இருந்தால் கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. வாயால் பேசியது காற்றோடு போகும், தீர்மானப் புத்தகத்தில் ஏறியது நிற்கும். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது இயங்குகிறதா என்று கேட்டு, உள்ளே போய் உட்காருங்கள்.

வரவு செலவை, பத்து ரூபாயானாலும், எல்லோர் முன்னும் படியுங்கள். தேர்தல் நேரத்தில் குழுவின் பெயரை எந்தக் கட்சி மேடைக்கும் தராதீர்கள்.

நல்லது நடந்தால் நன்றியும் சொல்லுங்கள். தூர்வாரிய பணியாளருக்கும், காலையில் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கும் ஒரு டீ, ஒரு வணக்கம். அடுத்த முறை அடைப்பு எங்கே என்று அவர்களே வந்து சொல்வார்கள்.

மூன்றாவது கேள்வி

வேலை யாருக்கு என்ற கேள்வியே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிறோம். சுற்றுலாப் பயணிகள் காலையில் வருகிறார்கள், மலை ஏறுகிறார்கள், சாப்பாட்டுக்கு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு மிஞ்சுவது குப்பை. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோன தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. இனி இந்த ஊரின் வருமானமும் அப்படி வெளியே போகக் கூடாது.

உள்ளூர்ப் பிள்ளைகள் வழிகாட்டிகளாகட்டும். சிங்கவரம் குடைவரைக் கோயிலையும் திருநாதர்குன்றின் 24 தீர்த்தங்கரர்களையும் காட்டி, வந்தவர்களை இன்னொரு நாள் தங்கவைக்கட்டும். மகளிர் குழு வறுத்த மல்லாட்டையை (வேர்க்கடலையை)க் காகிதப் பொட்டலத்தில் விற்கட்டும். நெல்லும் மல்லாட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் ஊர் இது. அந்த விளைச்சலுக்கு ஏரி வேண்டும், ஏரிக்கு வாய்க்கால் வேண்டும், வாய்க்காலுக்கு மலை வேண்டும். கோட்டையால் பிழைக்கிற குடும்பங்கள் கூடக்கூட, கோட்டையைக் காக்கிற கைகளும் கூடும்.

உங்கள் ஊரிலும் தொடங்குங்கள். பெரிய பெயர் வேண்டாம், பதாகை வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து, அடுத்த மழைக்கு முன் ஒரு வரத்து வாய்க்காலை மலையிலிருந்து மதகு வரை நடந்து பாருங்கள். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அன்று மாலைக்குள் உங்கள் கையில் இருக்கும்.