ஆட்டம் எந்த இடத்தில் அறுகிறது?

டயாப்லோ 4-ஐத் தனியாகத்தான் ஆடுகிறீர்கள். கூட ஆடுபவர் யாரும் இல்லை. இருந்தும் நெட் சில நொடிகள் நின்றால் ஆட்டம் உங்களை வெளியே தள்ளிவிடுகிறது. 2025 நவம்பரில் வந்த கால் ஆஃப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் 7-இன் கதைப் பகுதியும் இப்படித்தான். ஒற்றை ஆளாக ஆடினாலும் சர்வர் தொடர்பு வேண்டும். நடுவில் பாஸ் போட்டு எழுந்து போகவும் வழியில்லை.

இப்படி அறுபடும்போது பலர் முதலில் டிஎன்எஸ் எண்ணை மாற்றுகிறார்கள், அடுத்து மோடத்தின் ரீசெட் பொத்தானை அழுத்துகிறார்கள். இரண்டும் வேண்டாம். டிஎன்எஸ் என்பது ஆட்ட சர்வரின் முகவரியைத் தேடித் தருவதோடு சரி. ஆடிக்கொண்டிருக்கும்போது அறுபடுவதை அது தடுக்காது. ரீசெட் செய்தாலோ, லாகின் விவரங்கள் அழிந்துபோய், கேபிள்காரர் வந்து சரிசெய்யும்வரை வீட்டில் நெட்டே இல்லாமல் போகலாம். எங்கே அறுகிறது என்று தெரிந்த பிறகுதான் எதிலும் கை வைக்க வேண்டும்.

அதற்கு எளிய சோதனை, வீட்டு இணைப்பு எந்த நிறுவனமோ அது அல்லாத வேறு நிறுவனத்தின் சிம் உள்ள போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆடிப் பார்ப்பது. அதிலும் அறுந்தால் கோளாறு பெரும்பாலும் சர்வரிலோ உங்கள் கணினியிலோ இருக்கிறது. அறவில்லை என்றால் வீட்டு இணைப்பைச் சந்தேகியுங்கள். அப்போது கணினியில் இரண்டு கமாண்ட் பிராம்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றதில் 8.8.8.8-க்கும் நிற்காமல் பிங் ஓடவிட்டு ஆடுங்கள். அறுந்த கணத்தில் ரவுட்டர் பிங்கும் நின்றிருந்தால் பழுது வீட்டுக்குள்ளே. வெளிப் பிங் மட்டும் நின்றிருந்தால் ரவுட்டரைத் தாண்டி.

வீட்டுக்குள் என்றால், நம் தூத்துக்குடிக் கரையில் உப்புக்காற்றை மறக்கக் கூடாது. திரேஸ்புரத்திலோ முத்தையாபுரத்திலோ ஜன்னலோரம் வைத்த ரவுட்டரின் லான் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உள்ள ஊசிகளில் பச்சை படிந்திருக்கலாம். கண்ணாடி இழை துருப்பிடிக்காது, ஆனால் அதைச் சுற்றியுள்ள உலோகம் துருப்பிடிக்கும். மலிவான லான் கேபிள்கள் பலவற்றில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் மட்டுமே பூசியிருப்பார்கள். முலாம் தேய்ந்த இடத்தில் கடற்காற்று சீக்கிரம் அரித்துவிடும். முழுச் செம்பு கேட்6 கேபிள் கேட்டு வாங்குங்கள். வைஃபையை நம்பி இவ்வகை ஆட்டங்களை ஆடாதீர்கள். கேபிள் இழுக்க முடியாத வீடு என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு மாறுங்கள்.

இன்னொன்று கரண்ட். இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போன நொடியில் ரவுட்டர் அணைந்து எரிகிறதா? பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'ஈகோ', 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாற்றிக்கொள்ளும் நேரம் குறையும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ்ஸை வாங்கலாம். அடாப்டரில் அச்சிட்ட வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். ஃபைபர் மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் பேக்கப் வேண்டும்.

சாயங்காலம் மட்டும் தள்ளாடுகிறது என்றால், வீட்டில் எது அப்லோடு செய்கிறது என்று தேடுங்கள். போன்களின் போட்டோ பேக்கப்பும் சிசிடிவியும் அப்லோடு பாதையை அடைத்துவிட்டால், டவுன்லோடு வேகம் எவ்வளவு இருந்தாலும் பிங் எகிறும். வேகச் சோதனையை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடியில் சுமார் 200 கி.மீ. போகும். தூத்துக்குடியிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,300 கி.மீ., சிங்கப்பூர் 3,000. ஆகவே சிங்கப்பூர் சர்வருக்குப் போய்வர 30 மில்லி நொடிக்குக் கீழே, பிங்கைக் குறைப்பதாகச் சொல்லும் எந்தக் கட்டணச் செயலியாலும் இறக்க முடியாது. பாதை சுற்றுவதால் நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கு வந்தாலும் இயல்புதான். 2006-இல் தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசைக்குக் கடலடி கேபிள் போட்டார்கள், ஆனால் நம் ஆட்டம் போகும் வழி அது இல்லை; சிங்கப்பூர் கேபிள்கள் பலவும் சென்னையில் கரையேறுகின்றன. பிங் திடீரென்று 200-ஐத் தாண்டி, நாள்கணக்கில் அப்படியே நின்றால், பாதை எங்கோ சுற்றிப் போகிறது. அதை நிறுவனம்தான் சரிசெய்ய வேண்டும்.

நிறுவனத்துக்குப் போன் செய்யும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். அறுந்த நேரங்களையும் பிங் முடிவுகளையும் சொல்லுங்கள், மோடத்துக்கு வரும் ஒளியின் அளவைக் கேளுங்கள். மைனஸ் 27 டிபிஎம் பக்கம் இருந்தால் தெருக் கம்பத்தில் உள்ள பெட்டியிலோ இணைப்பிலோ பழுது. ஆள் வந்தே ஆக வேண்டும்.

சர்வரே படுத்துவிட்டால் காத்திருப்பதுதான் வழி. 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 முப்பது மணி நேரத்துக்கும் மேல் முடங்கியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களால் தனி ஆட்டப் பகுதியில் பெரும்பாலானதைக்கூட ஆட முடியவில்லை. 2024-இல் யூபிசாஃப்ட் 'தி க்ரூ' ஆட்டத்தின் சர்வர்களை மூடியபோது ஆட்டமே போயிற்று. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். அதனால் வாங்கும் முன் விவரப் பக்கத்தில் இணைய இணைப்பு கட்டாயமா என்று பாருங்கள். ஸ்டீமில் வாங்கினால், பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை அதிகாலையில் செலவழிக்காமல், தெருவே நெட் பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு ஆடிப் பாருங்கள்.