கீமோவுக்குப் பின் கை, கால் மதமதப்பா?

பாக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் நரம்புகளைப் பாதிக்கலாம். விரல் நுனியிலும் பாதத்திலும் மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி வரும். பழவேற்காட்டில் மீனோடும் வலையோடும் வேலை செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

• முதல் அறிகுறியிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். நீங்களாகச் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

• ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றியபின் சில நாட்களுக்கு ஐஸ் பெட்டியைத் தொடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரும் வேண்டாம். குளிர் பட்டால் கை கூசும், தொண்டை இறுக்கும்.

• மரத்த கையில் இறால் கொம்போ நண்டுக் கொடுக்கோ குத்தினாலும் தெரியாது. தடித்த கையுறை போடுங்கள். வெறுங்காலுடன் ஏரியில் இறங்காதீர்கள்.

• தினமும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். காயம் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீக்கம், சிவப்பு, காய்ச்சல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

• வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். படகில் ஏறும்போது ஒருவர் கை கொடுக்கட்டும்.

• வலிக்கு டுலாக்செடின் சிலருக்கு உதவும். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே சாப்பிடுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்கள் வலி கூடக்கூடும். பலருக்கு அது மெல்லக் குறையும், தைரியமாக இருங்கள்.