டிராக்டர் மீட்டர் முள் பொய் சொல்லுதா? நீங்களே கண்டுபிடிக்கலாம்

கடத்தூர் பக்கம் மரவள்ளிக்கு உழவு ஓட்டுறவங்களோ, கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போறவங்களோ, உங்க டிராக்டர் டேஷ்போர்டை ஒரு தடவை நிதானமா பாருங்க. ஏதாவது ஒரு முள் அசையாமல் நிற்கும். இல்லையென்றால் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரியாது. "அது கிடக்குது, வண்டி ஓடுதில்ல" என்று பழகியிருப்போம்.

நின்றுபோன எல்லா மீட்டரும் ஒரே மாதிரி ஆபத்து கிடையாது. டீசல் மீட்டர் போனால் டேங்கில் சுத்தமான குச்சியை விட்டு அளந்துகொள்ளலாம். ஹீட் மீட்டர் போனால் அப்படி அளக்க வழியில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து எஞ்சின் கொதித்தாலும், அறுந்த வயரோடு இருக்கும் முள் "குளிர்ச்சியா இருக்கேன்" என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் விஷயம் தெரியும். ஆயில் பிரஷர் விளக்கு இதைவிட மோசம், அது எச்சரிக்காமல் போனால் சில நிமிடங்களில் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். அதனால் எதை முதலில் சரிசெய்வது என்று கேட்டால், முதலில் ஆயில், அடுத்து ஹீட், பிறகு அவர் மீட்டர், கடைசியாக டீசல். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம், டீசல் முள்தான் தினமும் கண்ணில் படுகிறது என்பதால்.

மூன்று இடம், ஒரு சுற்று

எந்த மின்சார மீட்டருக்கும் மூன்று பகுதிகள் உண்டு. டேங்கிலோ எஞ்சினிலோ உட்கார்ந்து அளவு பார்க்கும் சென்சார் ஒன்று. டேஷ்போர்டில் இருக்கும் மீட்டர் இன்னொன்று. இரண்டையும் இணைக்கும் வயரும் எர்த்தும் மூன்றாவது. டீசல் சென்சாரில் ஒரு மிதவை மேலும் கீழும் போக, மின்தடை மாறும். ஹீட் சென்சார் சூடேற ஏற மின்தடை குறையும். மீட்டர் இந்த மாற்றத்தைத்தான் முள் அசைவாகக் காட்டுகிறது. கடையில் "மீட்டர் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொன்னாலும், கெட்டது வயராகவோ எர்த்தாகவோ இருப்பதே சகஜம். மழையில் துருப்பிடித்த இணைப்பு, கொட்டகையில் எலி கடித்த வயர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். புது மீட்டர் வாங்கி மாட்டிய பிறகும் முள் அசையாமல் இருந்தால் காரணம் இதுதான்.

முதலில் ஒரு கேள்வி: ஒரு மீட்டர் மட்டும் போச்சா, எல்லாமே போச்சா? எல்லாம் ஒரே நேரத்தில் செத்திருந்தால் சென்சார் பக்கமே போக வேண்டாம். நான்கு சென்சார் ஒரே நாளில் கெடாது. டேஷ்போர்டுக்கு வரும் ஃபியூஸைப் பாருங்க, அடுத்து டேஷ்போர்டு எர்த் வயரைப் பாருங்க. ஹெட்லைட் போட்டதும் மீட்டர் முட்கள் சேர்ந்து ஆடினால், எர்த் சரியில்லை என்று சந்தேகப்படலாம். மல்டிமீட்டர் இருந்தால் உறுதி செய்யலாம். கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைத் டேஷ்போர்டு எர்த் போல்ட்டிலும் வைத்து, லைட்டெல்லாம் போட்டு வோல்ட் பாருங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த போல்ட்டைக் கழற்றி, எமரி தாளால் துருவைத் தேய்த்து, இறுக்கி மாட்டுங்க. செலவு ஒரு துண்டு எமரி தாள்.

ஒரு முள் மட்டும் செத்திருந்தால்

இந்தச் சோதனை பழைய, முள் வைத்த மீட்டர்களுக்கு மட்டும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்கள் டிரெம் 4 மாசு விதிக்குள் வந்துவிட்டன. அவற்றிலும் டிஜிட்டல் டேஷ்போர்டு உள்ள மற்ற வண்டிகளிலும் சென்சார் வயரை எர்த்தில் தொடவே கூடாது. கண்ட்ரோல் யூனிட் கெட்டால் மீட்டர் விலையைவிடப் பல மடங்கு ஆகும். அவற்றை ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரில் விட்டுவிடுங்க.

பழைய வண்டியில் சென்சார் மேலுள்ள வயரைக் கழற்றுங்க. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து முள்ளைப் பாருங்க. அது ஒரு கோடியில் நிற்கும். இப்போது அந்த வயர் முனையை இரண்டு மூன்று நொடி மட்டும் எஞ்சின் பாடியில், பெயிண்ட் இல்லாத இடத்தில் தொடுங்க. முள் மறு கோடிக்குப் போனால் மீட்டரும் வயரும் நல்லாத்தான் இருக்கின்றன. கோளாறு சென்சாரிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. எந்தக் கோடி "ஃபுல்", எந்தக் கோடி "காலி" என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு கோடிக்கும் போகிறதா என்பதுதான் கேள்வி.

முள் அசையவே இல்லையா? அப்படியானால் அடுத்த இடம் டேஷ்போர்டின் பின்பக்கம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டர் போர்டை வெளியே எடுத்து, இணைப்புகள் எதிலும் படாமல் பார்த்துக்கொண்டு பேட்டரியை மறுபடி மாட்டுங்க. மீட்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்க. சில பழைய மாடல்களில் நடுவில் ஒரு ஸ்டெபிலைசர் இருப்பதால் இதைவிடக் குறைவாகக் காட்டலாம். கரண்ட் வந்தால், சென்சார் வயர் மாட்டும் முனையை ஒரு துண்டு வயரால் நொடிப்பொழுது எர்த் செய்யுங்க. முள் அசைந்தால் மீட்டர் நல்லது, இங்கிருந்து சென்சார் வரைக்குமான வயர் அறுந்திருக்கிறது. அசையாவிட்டால் மீட்டர் போய்விட்டது. இப்போது மாற்றலாம்.

டீசல் டேங்க் சென்சாரில் இதைச் செய்யும்போது மூடியை மூடி வையுங்க, பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். டேங்க் வாயருகே வயரைத் தொடாமல், தள்ளி வேறு இடத்தில் தொடுங்க. பெட்ரோல் வண்டி என்றால் இந்தச் சோதனையை டேங்க் அருகே செய்யவே வேண்டாம். கடலோர மாவட்டங்களில் மோட்டார் படகு வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், ஆனால் படகின் அடித்தட்டில் பெட்ரோல் ஆவி தேங்கும். மூடிகளைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். உப்புக் காற்றில் எர்த் இணைப்பு சீக்கிரம் அரிக்கும் என்பதால் அவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். நம்ம மாவட்டத்தில் ஒகேனக்கல் பரிசலுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

சென்சார் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்குங்க. டீசல் சென்சார்களில் 240 முதல் 33 ஓம் வரை வேலை செய்வது ஒரு வகை. 10 முதல் 180 ஓம் வரை வேலை செய்வது இன்னொரு வகை. வேறு அளவுகளும் உண்டு. மீட்டர் ஒரு வகை, சென்சார் வேறு வகை என்றால் மாட்டியும் முள் தப்பாகவே காட்டும். பழையதைக் கையோடு எடுத்துப் போய் மாடல் நம்பர் சொல்லி வாங்குவதே நல்லது.

ஹீட் மீட்டரில் இரண்டு விதிவிலக்கு

பழைய டிராக்டர் சிலவற்றில் ஹீட் மீட்டருக்கு மின்சாரமே கிடையாது. எஞ்சினிலிருந்து மீட்டர் வரை மெல்லிய செம்புக் குழாய் ஒன்று போகும். அது மடங்கினாலோ உடைந்தாலோ ஒட்டவைக்க முடியாது, மீட்டரோடு சேர்த்து முழுசாக மாற்ற வேண்டியதுதான். இரண்டாவது, தண்ணீர் ரொம்பக் குறைந்து சென்சார் முனை நீரில் படாமல் நின்றால், நல்ல மீட்டர்கூடக் குறைவாகவே காட்டலாம். அதனால் முள்ளை மட்டும் நம்பாமல் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்க. சூட்டில் மூடியைத் திறந்துடாதீங்க, கொதிநீர் முகத்தில் பீறிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே சாவி போட்டதும் முள் சிவப்புக் கோட்டுக்கு ஓடினால், சென்சார் வயர் எங்கோ உரசி பாடியில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆயில் விளக்குக்குக் கருவியே வேண்டாம். சாவி போட்டதும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால் பல்போ வயரோ போயிருக்கிறது, உங்களுக்குக் காவல் இல்லை. ஓடும்போது எரிந்தால் சென்சார் கோளாறு என்று முடிவு கட்டாமல் உடனே நிறுத்தி, டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு பாருங்க. அளவு சரியாக இருந்தாலும் மெக்கானிக் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பேட்டரி விளக்குக்கும் இதே எரிதல், அணைதல் விதிதான். சில வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளும், பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜே ஏறாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது.

அவர் மீட்டர்: இதில்தான் பணம் இருக்கிறது

வாடகைக்கு ஓட்டுபவர், வாடகைக்கு எடுப்பவர், பழைய டிராக்டர் வாங்குபவர் மூவருக்கும் இந்தப் பகுதி. அவர் மீட்டரில் கடைசி இலக்கம் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். 2.3 என்றால் 2 மணி 18 நிமிடம். அதை 2 மணி 30 நிமிடம் என்று படித்தால் 12 நிமிட வாடகை அதிகம் போகும்.

கேபிளில் ஓடும் பழைய அவர் மீட்டர் கடிகாரம் பார்ப்பதில்லை, எஞ்சின் சுற்றுகளை எண்ணுகிறது. நிமிடத்துக்கு 2000 சுற்று என்று அளவு வைத்த மீட்டர், 1000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை மணிதான் காட்டும். மின்சார அவர் மீட்டர் சிலவற்றில் சாவி ஆனில் இருந்தாலே, எஞ்சின் ஓடாவிட்டாலும் மணி ஏறும். அதனால் கடிகாரக் கணக்கா, மீட்டர் கணக்கா என்பதை உழவு தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்க. தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டரை செல்போனில் படம் எடுங்க, படத்திலேயே நேரமும் பதிவாகிவிடும்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர், ரொட்டவேட்டர் போன்றவற்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க உழவன் செயலியிலேயே முன்பதிவு செய்யலாம். அந்த வண்டிக்கும் இதே படம் எடுக்கும் பழக்கம் உதவும். மீட்டர் ஓடவில்லை என்றால் வேலை தொடங்கும் முன்பே ஓட்டுநரிடமும் துறை அலுவலகத்திலும் சொல்லிவிடுங்க.

வாரண்டி காலத்தில் மீட்டர் கெட்டால் நீங்களாக எதையும் கழற்றாதீங்க. டீலரிடம் விட்டு ஜாப் கார்டில் கோளாறையும், அன்றைய அவர் மீட்டர் எண்ணையும் எழுதச் சொல்லி நகல் வாங்குங்க. வாரண்டியும் சர்வீஸும் மணிக் கணக்கில் ஓடுவதால் நின்றுபோன அவர் மீட்டரே பின்னாடி தகராறுக்குக் காரணமாகும். டீலர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. "டிராக்டர் தொழிலுக்கு வாங்கியது, நீங்க நுகர்வோரே இல்ல" என்று யாராவது சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீங்க. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், வாரண்டி புத்தகம், ஜாப் கார்டு நகல், மீட்டர் படங்கள் எல்லாவற்றையும் செல்போனில் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தால் இணையவழியில் பதிவேற்றும்போது தேட வேண்டியிருக்காது.