படுக்கைப் புண்ணைத் தடுப்போம்

ஒரே பக்கம் படுத்தால் உடம்பு வலிக்கும். உடனே புரண்டு படுப்போம். பக்கவாதம் வந்தவரால் புரள முடியாது. முதுகெலும்பில் அடிபட்டவருக்கு வலியும் தெரியாது.

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கும். அங்கே இரத்தம் ஓடாது. சதை செத்துவிடும். இதுவே படுக்கைப் புண்.

இடுப்பு, பிட்டம், குதிகால் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். தோல் சிவந்தோ கறுத்தோ இருக்கிறதா? தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கிறதா? அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள்.

2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். ஈரத் துணியை உடனே மாற்றுங்கள்.

புண் அடியிலிருந்து மேலே ஆறும். புதுச் சதை வளரப் பருப்பு, முட்டை, பால் கொடுங்கள். சாம்பல் போடாதீர்கள். அழுத்தம் நீங்காவிட்டால் மருந்து போட்டும் புண் ஆறாது. நாற்றமோ காய்ச்சலோ வந்தால் சித்தூர் அரசு மருத்துவமனைக்கோ திருப்பதி ருயா மருத்துவமனைக்கோ உடனே போங்கள்.

சித்தூருக்குப் பக்கத்து ஊர் வேலூர். அங்கே டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் அவருடைய கால்கள் செயல் இழந்தன. சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் வந்தது.

படுத்தவர் எழலாம். அதுவரை புண் வராமல் காப்பது நம் கை.

யோசியுங்கள்: உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர் யார்? அவரைத் திருப்பிவிட யார் இருக்கிறார்?