கேம்ஷாஃப்ட் சாணை: கணிப்பொறிக்கு முன் ஒரு கணக்கு

பொறியியல் படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் இருவர் கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு யோசனையுடன் என்னிடம் வந்தார்கள். சின்ன எஞ்சின்களின் கேம்ஷாஃப்டைச் சாணை பிடிக்க, மேஜை மேல் வைக்கும் அளவில், கணிப்பொறி இயக்கும் இயந்திரம் ஒன்று செய்ய வேண்டுமாம். நல்ல யோசனைதான். ஆனால், "கணக்கெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும் மாமா" என்றார்கள். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு. எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டுமே! அவர்களிடம் சொன்னதை மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம்ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்று. அதன் மேல் முட்டை வடிவில் துருத்தி நிற்பவைதான் கேம்கள். முட்டையின் வட்டமான பகுதி அடிவட்டம். மூக்குப் பகுதி டாப்பெட்டைத் தூக்கும். எத்தனையாவது டிகிரியில் எவ்வளவு தூக்க வேண்டும் என்ற பட்டியலை எஞ்சின் வடிவமைப்பாளர் தருவார். இதை லிஃப்ட் பட்டியல் என்போம்.

பழைய சாணை இயந்திரங்களில் மாஸ்டர் கேம் ஒன்று இருக்கும். ஷாஃப்ட் தொட்டில் போன்ற ஒரு சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மாஸ்டர் ஓர் உருளையின் மேல் உருள, தொட்டில் ஆடும். ஆடுகிற ஆட்டத்தில் சக்கரம் அதே வடிவைத் தேய்த்துவிடும். ஒரு வடிவுக்கு ஒரு மாஸ்டர். அதுவும் ஒரு குறிப்பிட்ட சக்கர விட்டத்துக்குத்தான் சரியாக இருக்கும். சக்கரம் தேயத் தேய கேமின் வடிவும் மெல்ல மாறும். எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயக்கிக் காட்டினார்கள். அந்த வழியில் வந்த இன்றைய கேம் சாணையில் மாஸ்டர் கிடையாது. ஷாஃப்ட் சுழல்வதும் சக்கரம் முன்னும் பின்னும் நகர்வதும் எண்களின்படி இணைந்து நடக்கும்.

அப்படியானால் லிஃப்ட் பட்டியலை அப்படியே கொடுத்துவிடலாமே என்றால், கூடாது. தட்டையான டாப்பெட் கேமைத் தொடும் இடம் நடுக்கோட்டில் இருப்பதில்லை, பக்கவாட்டில் விலகியிருக்கும். எவ்வளவு விலகல்? அந்த இடத்தில் லிஃப்ட் ஏறும் வேகம் ரேடியனுக்கு 3 மி.மீ. என்றால், சரியாக 3 மி.மீ. சக்கரமும் அதே புள்ளியில்தான் கேமைத் தொட வேண்டும். அடிவட்ட ஆரம் 8, அங்கே லிஃப்ட் 2, சக்கர ஆரம் 50 என்று வையுங்கள். கூட்டினால் 60. பக்க விலகல் 3. மிச்சம் பிதாகரஸ்: சக்கர மையம் நிற்க வேண்டிய தூரம் 60.075 மி.மீ.; கோணத்தில் 2.86 டிகிரி திருத்தம். சக்கரம் தேய்ந்து ஆரம் 40 ஆனால், தூரம் 50.090, திருத்தம் 3.43 டிகிரி. இதைக் கவனிக்காமல் சக்கரத்தை 10 மி.மீ. முன்னால் தள்ளிவிட்டால் அந்த இடத்தில் ஏறத்தாழ 15 மைக்ரான் பிழை விழும். இந்தச் சூத்திரத்தை எழுதிக் கொடுத்தால் கணிப்பொறி நொடியில் போட்டுத் தரும். எழுதிக் கொடுக்காவிட்டால் தவறான கேமையே மிகத் துல்லியமாகத் தேய்த்துத் தரும்!

பதினைந்து மைக்ரானுக்கா இத்தனை பேச்சு என்று கேட்கலாம். அதைவிட மோசமானது, வழவழப்பாக இருக்க வேண்டிய முகத்தில் விழும் சிற்றலை. நான் ரயில்வேயில் பழகிய டபிள்யூ.டி.எம். 2 டீசல் எஞ்சினின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று, கேம்ஷாஃப்டுக்கு 500. கையடக்கமான பெட்ரோல் எஞ்சினோ 8000 சுற்று ஓடும், கேம் 4000. வேகம் எட்டு மடங்கு என்றால், அலையால் வால்வுக்கு ஏற்படும் முடுக்கம் 64 மடங்கு. சுற்றுக்கு 20 அலை, ஒவ்வொன்றும் 5 மைக்ரான் வீச்சு என்றால், 4000 சுற்றில் அது விநாடிக்கு விநாடி 350 மீட்டர், அதாவது புவியீர்ப்பைப் போல் 36 மடங்கு. வால்வு ஸ்பிரிங் பாவம், என்ன செய்யும்?

ஆகவே மேஜை இயந்திரத்தில் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் நகர்வின் நுண்மை. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு தாவலுக்கு 1.8 டிகிரி திரும்பும். அதை நேராக ஷாஃப்டில் மாட்டினால் முகமெல்லாம் படிக்கட்டுதான். இடையில் 90-க்கு 1 வார்ம் கியர் வைத்தால் 0.02 டிகிரி கிடைக்கும். 5 மி.மீ. புரியுள்ள ஸ்க்ரூவில் ஒரு தாவல் 25 மைக்ரான். அதையும் பத்தாகப் பிரிக்க வேண்டும். லிஃப்ட் பட்டியலும் இரண்டு தசம இடத்தோடு நின்றால் போதாது.

இன்னொன்று, ஷாஃப்டின் வளைவு. 10 மி.மீ. தடிமனும் 120 மி.மீ. நீளமும் உள்ள எஃகுத் தண்டின் நடுவில் ஒரு கிலோ விசை பட்டால் 3.5 மைக்ரான் வளையும். நீளம் இரட்டித்தால் எட்டு மடங்கு. நடுவில் ஒரு தாங்கி கட்டாயம். மேலும் ஒரே வேகத்தில் சுற்றினால் மூக்குக்கு ஏறும் சரிவில் தொடுபுள்ளி பாய்ந்து ஓடும். அங்கே தேய்ப்பு மிஞ்சிச் சூடேறி, கெட்டிப்படுத்திய முகம் இளகிவிடும். சரிவில் சுழற்சியைக் குறைக்க வேண்டும். 100 மி.மீ. சக்கரம் 6000 சுற்றில் விநாடிக்கு 31 மீட்டர் வேகத்தில் போகிறது. மாட்டுமுன் மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். மணி போல் ஒலிக்காமல் மந்தமாகச் சத்தம் வந்தால் விரிசல், மாட்டவே கூடாது. மூடியும் கண்ணாடியும் இல்லாமல் ஸ்விட்சைத் தொடுவதும் கூடாது.

முதல் வேலையாக நிஜக் கேமைத் தேய்க்காதீர்கள். மையம் 3 மி.மீ. விலகிய வெறும் வட்டத்தைத் தேய்த்துப் பாருங்கள். அதற்கான லிஃப்ட், 1-லிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்து, 3-ஆல் பெருக்கினால் வரும். மற்ற கேமுக்குப் போடும் அதே சூத்திரத்தின் வழியாகவே இதையும் அனுப்புங்கள். பிறகு மைக்ரோமீட்டரால் நாலைந்து திசைகளில் விட்டத்தை அளக்க வேண்டும். அடிவட்ட ஆரம் 8 என்றால் எங்கும் 22 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு திசையில் 22.00, குறுக்கே 22.03 என்று வந்தால், முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் கொடுத்த சக்கர விட்டம்.