கோர்ஃபூ தீவில் ஈஸ்டர்: டிக்கெட் போடும் முன் தேதியைப் பாருங்க

கிரீஸ் நாட்டின் கோர்ஃபூ தீவுல ஈஸ்டர் கொண்டாட்டம் பார்க்கணும்னா, முதல்ல பார்க்க வேண்டியது விலையை இல்ல, தேதியை. நம்ம காலண்டர்ல இருக்கிற ஈஸ்டர் வேற, அங்க கொண்டாடுற ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் வேற. 2027-ல் நம்மது மார்ச் 28, அவங்களது மே 2. மார்ச்சுக்கு டிக்கெட் போட்டா பண்டிகையும் இருக்காது, பாதி ஹோட்டலும் திறந்திருக்காது. (2028-ல் ரெண்டுமே ஏப்ரல் 16.)

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை 11 மணிக்கு, பால்கனியிலிருந்து பெரிய பெரிய மண்பானைகளைத் தெருவுல போட்டு உடைப்பாங்க. இதைப் பார்க்கக் கிரீஸ் முழுக்க இருந்து கூட்டம் வரும், ரூம் வாடகை எகிறும். அதைப் பார்த்தே ஆகணும்னா பல மாசம் முன்னாடியே ரூம் போடுங்க. தீவு மட்டும் போதும்னா, பண்டிகை முடிஞ்ச அடுத்த வாரம் போங்க, வாடகை இறங்கியிருக்கும். கடல் தண்ணி என்னவோ சில்லுனுதான் இருக்கும்!

பட்ஜெட்ல இன்னொன்னும் சேர்த்துக்கோங்க. 3 ஸ்டார் ஹோட்டல்னா, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு ரூமுக்கு ராத்திரிக்கு 5 யூரோ அரசு வரி. பெரும்பாலும் ஹோட்டல்லயே தனியா வாங்குவாங்க. கார்டு மெஷின் "ரூபாயா, யூரோவா"னு கேட்டா யூரோவையே அழுத்துங்க. ரூபாயை அழுத்தினா அவங்க வைக்கிற ரேட்டுதான்.