வழிப்பறியில் விளைந்த கொலை

புதுவையிலிருந்து திண்டிவனம் வழியே மேல்சித்தாமூர் செல்லும் நம் குடும்பத்தார் இன்று காலையில் புறப்பட்டுப் பகலுணவுக்கு முன்பே சென்று சேர்ந்துவிடுகின்றனர். மாட்டுவண்டியில் சென்ற முன்னோர்க்கு அது நெடும்பயணம். நாலைந்து வண்டிகள் சேரும்வரை காத்திருந்தே புறப்படுவர். வழிப்பறிக்காரரிடம் அவ்வளவு அச்சம். பொருள் பறிக்க வந்தவன் உயிரையும் பறித்துவிட்டால், உடன் வந்தவர்க்கும் அதில் பங்கு உண்டா என்பதை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

அண்டை நாடாகிய இலங்கையில் நிகழ்ந்த வழக்கொன்று இதற்கு ஏற்ற சான்றாகும். கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதை 1867இல்தான் திறக்கப்பெற்றது. அதற்குமுன் ஆங்கிலேயர் அமைத்த சாலை வழியாகவே பணமும் சரக்கும் சென்றன. மாவனல்லைக்கு அருகே அச்சாலையை நோக்கி நிற்கும் உதுவன்கந்தைக் குன்றைப் புகலிடமாகக் கொண்டு வண்டிகளை மறித்தவன் சர்தியேல். செல்வரிடம் பறித்து எளியோர்க்கு ஈந்தான் என்று மக்கள் அவனைப் புகழ்ந்தனர்.

1864 மார்ச் 21 அன்று மாவனல்லையில் ஒரு வீட்டில் இருந்த அவனைக் காவலர் வளைத்தனர். அப்போது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் சபான் என்னும் மலாய் இனக் காவலர் உயிர் துறந்தார். சுட்டவன் சர்தியேல் அல்லன், அவன் தோழன் மம்மலே மரிக்கார் என்றே கூறுவர். ஆயினும் இருவரும் கொலைக்குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, அவ்வாண்டு மே 7ஆம் நாள் கண்டியில் தூக்கிலிடப்பெற்றனர். இலங்கைக் காவல்துறை மார்ச் 21ஐ இன்றும் தன் வீரர் நாளாகக் கொண்டாடுகிறது. ஆனால் உதுவன்கந்தைக்குச் சுற்றுலா செல்வோர் காண்பது சர்தியேலின் பெயரால் அமைந்த காட்சிக் கிராமத்தையே. கொள்ளையனுக்குக் கதையும் புகழும் வாய்த்தன. கடமையாற்றி மாண்டவரின் பெயரோ நம்முள் எத்துணை பேருக்குத் தெரியும்?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூவழியிலும் வினை வந்து பற்றும் என நாம் இளமையிலேயே கற்றிருக்கிறோம். அரசின் சட்டமும் ஏறத்தாழ அவ்வழியே செல்கிறது. புதுவைக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1963 அக்டோபர் 1ஆம் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இங்கு வழங்கியது பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம். வேறொரு பெருங்குற்றத்திற்கு முன்போ, உடனோ, பின்போ நிகழும் கொலைக்கு அதன் 304ஆம் விதி மரண தண்டனை விதித்தது.

இந்தியச் சட்டம் வழிப்பறிக்குப் பத்தாண்டு வரை சிறை என்று கூறி, நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் அது நிகழுமாயின் பதினான்கு ஆண்டு வரை விதிக்கலாம் என்றது. வண்டி கட்டிச் சென்றோரின் அச்சத்தைச் சட்டம் வகுத்தவரும் அறிந்திருந்தனர் போலும்! 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்வேறுபாடு நீடிக்கிறது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிக் கொள்ளையிடுகையில் ஒருவன் கொலை செய்துவிட்டால், கூடியிருந்த ஒவ்வொருவர்க்கும் மரண தண்டனை வரை விதிக்க இடமுண்டு. எவன் கை கொன்றது என்று பிரித்துக் காட்ட வேண்டுவதில்லை.

இது நேர்மையே என நமக்குத் தோன்றலாம். கத்தியுடன் புறப்பட்ட கூட்டத்தில் சேர்ந்தவன், நான் பையை மட்டுமே பறித்தேன் என்று தப்பலாகாது. எனினும், அரிதினும் அரிதான வழக்குகளிலேயே மரண தண்டனை விதிக்க வேண்டும் என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அமர்வு நீதிமன்றம் விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதனை நிறைவேற்ற இயலாது. புதுவைக்கு அது சென்னை உயர் நீதிமன்றமாகும்.

இத்தனை காவல்களையும் கடந்து பிழை நேர்ந்ததுண்டு. 2003 ஜூன் மாதம் நாசிக் அருகே ஒரு குடிசையில் புகுந்து கொள்ளையிட்டோர் ஐவரைக் கொன்றனர். நாடோடிச் சமூகத்தார் அறுவர் பிடிபட்டனர். 2009இல் உச்ச நீதிமன்றம் அறுவர்க்கும் மரண தண்டனை விதித்தது. கூட்டுக்குற்றம் என்பதால் ஒருவரைப் பற்றிய பிழை அறுவரையும் பற்றிக்கொண்டது. உயிர் தப்பிய சாட்சி, காவல்துறை காட்டிய படங்களில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அந்நால்வரையும் எவரும் விசாரிக்கவில்லை. 2019 மார்ச் 5 அன்று அதே நீதிமன்றம் அறுவரையும் குற்றமற்றவர் என விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அவர்களுள் ஒருவர், கொலை நடந்த காலத்தில் பதினெட்டு வயதும் நிரம்பாதவர்.